மேலுமலை ஏற்றத்தில் தொலைந்த காற்று

என் மைத்துனருடைய காருக்குப் பதினான்கு வயது. 1.5 லிட்டர் டீசல். திங்கள் முதல் வெள்ளி வரை ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போய்வரும். அத்திப்பள்ளி தாண்டினால் ஊர்ந்து, எலெக்ட்ரானிக் சிட்டி வந்தால் நின்று, சில்க் போர்டில் தவம் கிடந்து திரும்பும். அந்த ஐந்து நாளும் அதனிடமிருந்து ஒரு முணுமுணுப்பு வராது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குக் கிருஷ்ணகிரி போய்த் திரும்பும்போதுதான் வம்பு. குருபரப்பள்ளி வரை நன்றாக வரும். மேலுமலை ஏற்றத்தில் முன்னால் கிரானைட் லாரி ஒன்று போகும். அதை முந்தலாமென்று மிதித்தால் கார் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோலத் தொய்ந்துவிடும். இன்ஜின் விளக்கு எரியும். அதற்குமேல் எவ்வளவு மிதித்தாலும் வேகம் அறுபதைத் தாண்டாது. முந்த நினைத்த லாரியே ஹாரன் அடித்துக்கொண்டு நம்மை முந்திப் போகும். சூளகிரியில் ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்து, டீ குடித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓசூர் வரை பறக்கும்.

"டர்போ போச்சு" என்று மூன்று பேர் சொன்னார்கள். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர், ஒருவர் அலுவலக நண்பர், மூன்றாமவர் மெக்கானிக். மெக்கானிக்காவது ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டுச் சொன்னார். திரையில் பி0299 என்றிருந்தது. பூஸ்ட் அழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். பூஸ்ட் தருவது டர்போ, பூஸ்ட் குறைந்தது, ஆகவே டர்போ கெட்டது. கேட்கக் கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் உடனே மோட்டாரையா கழற்றுகிறோம்? தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு மூடியிருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா என்றுதானே பார்க்கிறோம். கார் என்று வந்துவிட்டால் மட்டும் அந்தப் பொறுமை எங்கேயோ போய்விடுகிறது. டர்போவை மாற்ற அவர் சொன்ன தொகைக்கு அந்தக் காரில் பாதியையே வாங்கிவிடலாம்.

டர்போ என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1.5 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் 1,500 லிட்டர் காற்றை விழுங்கும். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சிழுக்கிறது என்பதால் வரும் கணக்கு இது. இன்ஜினின் வலு அது எரிக்கும் டீசலைப் பொறுத்தது. எரிக்கக்கூடிய டீசலின் அளவு காற்றைப் பொறுத்தது. ஒரு கிராம் டீசல் முழுமையாக எரியக் குறைந்தது பதினாலரை கிராம் காற்று வேண்டும், நடைமுறையில் இன்னும் அதிகம். காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் வலு வராது, கரும்புகைதான் வரும். அதனால் காற்றை அமுக்கித் திணிக்க வேண்டியிருக்கிறது. கொல்லன் துருத்தியை மிதிப்பதும் அதே காரணத்துக்காகத்தான். டர்போவில் அந்தத் துருத்தியை மிதிப்பது இன்ஜினே வெளியே விடும் சூடான புகை. புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சின்ன டீசல் காரின் டர்போத் தண்டு முழு வீச்சில் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகள்கூடச் சுற்றும். எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டு சுற்றுவதால்தான் அது பிழைக்கிறது.

வீணாகும் புகையைக் கொண்டு காற்றை அமுக்கலாம் என்பதற்கு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் அது பெயர் வாங்கியது ஒரு மலையின் உச்சியில். 1918-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்ஃபோர்ட் மாஸ், கொலராடோவில் 14,000 அடிக்குமேல் உயர்ந்து நிற்கும் பைக்ஸ் பீக் சிகரத்துக்கு ஒரு விமான இன்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். தரைமட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த லிபர்ட்டி இன்ஜின் அது. உச்சியில் டர்போ இல்லாமல் 230 தான் தந்தது. டர்போவை மாட்டியதும் 356 தந்தது. மலை எடுத்துக்கொண்ட காற்றை டர்போ திரும்பக் கொடுத்துவிட்டது. இன்று நாம் டர்போவை வேகத்தோடு சேர்த்தே பேசுகிறோம். விமானக்காரர்கள் அதைத் தேடிப்போனதோ உயரத்தைச் சமாளிக்க.

ஓசூர் ஒரு குட்டி பைக்ஸ் பீக். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திலும், ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ரோஜாவும் குளிரும் இந்த ஊருக்கு அந்த உயரத்தால்தான் வாய்த்தன. வெள்ளைக்காரர்கள் இதைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்ததும் அதனால்தான். இன்ஜினுக்கு அதில் ரசிக்க ஒன்றுமில்லை. சென்னைக் கடற்கரையில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். கிருஷ்ணகிரியில் அது 95, 96 ஆகிறது; ஓசூரில் 91 தான். பத்தில் ஒரு பங்கு காற்று இல்லாமலேயே இங்குள்ள வண்டிகள் ஓடுகின்றன.

இந்த 91 என்ற எண் பட்டறையில் தினமும் பயன்படக்கூடியது, ஆனால் பெரும்பாலும் யாரும் பயன்படுத்துவதில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தைப் பாருங்கள். இன்ஜின் சுற்றவில்லை, டர்போ சுற்றவில்லை, ஆகவே அந்தச் சென்சார் காட்டவேண்டியது வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டும்தான். ஓசூரில் 91 காட்டினால் சென்சார் யோக்கியன். 101 காட்டினால் அது பொய் சொல்கிறது. கடற்கரை ஊர்ப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவருக்கு இது தலைகீழாகத் தெரியும். சரியான 91-ஐப் பார்த்துச் சென்சாரை மாற்றச் சொல்வார், தவறான 101-க்குத் தலையாட்டுவார். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை, அரை நிமிடம் போதும்.

திணிக்கும் அழுத்தத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் புகை பெருகும், புகை பெருகினால் டர்போ வேகமெடுக்கும், டர்போ வேகமெடுத்தால் காற்று பெருகும், காற்று பெருகினால் இன்னும் டீசல் எரியும், இன்னும் புகை வரும். விட்டுவைத்தால் ஏதாவது ஒன்று வெடித்துத்தான் இது நிற்கும். இதற்கான தீர்வு நம் ஊர் ஏரிகளில் எப்போதிருந்தோ இருக்கிறது. ஏரி நிரம்பிக் கரை உடையாமலிருக்க மிகைநீர் வழிந்தோடக் கலிங்கு கட்டுவார்கள். டர்போவின் கலிங்குக்கு வேஸ்ட்கேட் என்று பெயர். தேவைக்கு மேற்பட்ட புகை டர்போச் சக்கரத்தைத் தொடாமல் சைலன்சர் பக்கம் போக ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவை ஒரு கம்பி திறக்கிறது. கம்பியைத் தள்ளுவது ஒரு தகர டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு. டர்போ தந்த அழுத்தமே ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக வந்து அந்தச் சவ்வைத் தள்ளுகிறது. ஏரியின் நீர்மட்டமே கலிங்கைத் திறப்பதுபோல.

விலை கூடிய கார்களில் வேறு ஏற்பாடு. அங்கே கலிங்கு கிடையாது. டர்போச் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ்கள் உண்டு. அவை நெருங்கினால் புகை போகும் வழி குறுகும். தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீறிட்டுப் பாய்வதைப்போல, புகை வேகமெடுத்துச் சக்கரத்தில் மோதும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே பூஸ்ட் கிடைக்கும். இன்ஜின் வேகமெடுத்ததும் இதழ்கள் விரிந்து வழிவிடும். வி.ஜி.டி. என்று பட்டறையில் சொல்வது இதைத்தான். இந்தியச் சாலைகளில் பல நிறுவனங்களின் கார்களில் ஓடிய, ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண டர்போவுடன் 75 குதிரைத்திறன், வி.ஜி.டி.யுடன் 90. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது மாருதி டீசல் கார்களையே கைவிட்டது. அதற்கு முன் விற்ற டீசல் கார்களெல்லாம் இப்போது நடுவயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. இந்த அத்தியாயம் எழுதப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி வருவதை நான் முதலில் கேட்டபோது நம்பவில்லை. வேஸ்ட்கேட் டப்பாவுக்குப் போகும் ஹோஸில் ஒரு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? அழுத்தம் சவ்வுக்கு எட்டாது, கதவு திறக்காது, பூஸ்ட் எகிறும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. பயந்து டீசலைக் குறைக்கும், திரையில் பி0234, அதாவது பூஸ்ட் மிகை. வி.ஜி.டி.யில் இதழ்களை அசைக்கும் டப்பாவை அழுத்தம் இயக்குவதில்லை. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் வேக்கம் பம்பின் உறிஞ்சல் இயக்குகிறது. உறிஞ்சினால் இதழ்கள் நெருங்கும், விட்டால் விரியும். அந்த ஹோஸில் அதே ஓட்டை விழுந்தால் உறிஞ்சல் எட்டாது, இதழ்கள் விரிந்தே கிடக்கும், பூஸ்ட் படுத்துவிடும். திரையில் பி0299. ஒரே ரப்பர், ஒரே ஓட்டை, நேரெதிரான இரண்டு நோய்கள். எல்லாக் கார்களும் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் வேஸ்ட்கேட்டையும் வேக்கமே இயக்குகிறது, புதியவற்றில் ஒரு மின்மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் முதல் கேள்வியே, இந்த வண்டியில் கம்பியை எது அசைக்கிறது என்பதாக இருக்கவேண்டும். அதைக் கேட்காமல் ஆரம்பித்த எந்த ரிப்பேரும் குருட்டாம்போக்குதான்.

சவ்வுக்கும் பம்புக்கும் நடுவே சொலினாய்டு வால்வு ஒன்று இருக்கிறது. ஈ.சி.யூ. அதை ஒரு நொடியில் பலமுறை திறந்து மூடி, எவ்வளவு உறிஞ்சலை அனுப்புவது, எவ்வளவு வெளிக்காற்றைக் கலந்து நீர்க்கச் செய்வது என்று பதம் பார்க்கிறது. வேண்டிய பூஸ்ட் இவ்வளவு, கிடைத்தது இவ்வளவு. குறைந்தால் உத்தரவைக் கூட்டு, மிஞ்சினால் குறை. 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினில் பொருத்திய சுழலும் குண்டுகளும் இதே வேலையைத்தான் செய்தன. அப்படிப்பட்ட கருவிகள் ஏன் சில சமயம் நிதானமாகக் கட்டுப்படுத்துகின்றன, ஏன் சில சமயம் ஊசலாடித் தடுமாறுகின்றன என்பதைக் கணிதமாக எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். மின்காந்தச் சமன்பாடுகளின் அதே மேக்ஸ்வெல்தான், ஆண்டு 1868. கட்டுப்பாட்டியல் என்ற துறையின் தொடக்கங்களில் ஒன்றாக அந்தக் கட்டுரையைச் சொல்வார்கள்.

தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் இந்த வகைக் கருவிகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அவை நோயை மறைக்கும். ஹோஸில் ஊசிமுனை அளவு கசிவு வந்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. பூஸ்ட் லேசாகக் குறைகிறது, ஈ.சி.யூ. உத்தரவை லேசாகக் கூட்டுகிறது, பூஸ்ட் சரியாகிவிடுகிறது. கசிவு வளர வளர உத்தரவும் வளரும். எடுத்துக்காட்டாக, நல்ல நிலையில் அறுபது சதவீத உத்தரவில் ஏறிய ஏற்றத்தை அடுத்த வருடம் எண்பதில் ஏறும். ஓட்டுபவருக்கு இரண்டும் ஒன்றுதான். உத்தரவு உச்சத்தைத் தொட்டு, அதற்குமேல் கூட்ட வழியில்லாதபோதுதான் பூஸ்ட் விழுகிறது, விளக்கு எரிகிறது. விளக்கு எரிந்த அன்று பிறந்த நோய் அல்ல அது. பழைய வண்டி திடீரென்று கெட்டுவிட்டது என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தச் சதவீதம்தான் நினைவுக்கு வரும்.

மலை ஏற்றம் அந்த உச்சத்தைத் தேடிப்பிடிக்கும். அதே அழுத்தத்தை எட்டவே டர்போ இங்கே அதிகம் உழைக்கவேண்டும். இன்ஜினுக்குள் 210 கிலோபாஸ்கல் வேண்டுமென்றால் சென்னையில் காற்றை 2.08 மடங்கு அமுக்கினால் போதும், ஓசூரில் 2.3 மடங்கு. அதோடு ஏற்றத்தில் முழு பூஸ்ட் ஒரு நொடி அல்ல, பல நிமிடம் வேண்டும். ஈ.சி.யூ.வும் பூஸ்ட் சில நொடிகளாவது குறைந்து நின்றால்தான் புகார் எழுதும். பெங்களூர் நெரிசலில் அவ்வளவு நேரம் ஆக்சிலரேட்டரை மிதித்தவர் யார்?

மைத்துனர் கடைசியில் மத்திகிரி சாலைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். மெக்கானிக்குக் கிட்டத்தட்ட ஐம்பது வயதிருக்கும். சிப்காட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாகக் கடை போட்டவர். ஒருவரிடம் தமிழில், இன்னொருவரிடம் தெலுங்கில், போனில் கன்னடத்தில் என்று மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் கதை முழுவதையும் சொல்லி முடித்ததும் கேட்டார்:

"பிரேக் எப்படி இருக்குதுங்க? வண்டி இழுக்காம போறப்போ பிரேக் கல்லு மாதிரி ஆகுதா?"

இல்லை என்றோம்.

"அப்ப பம்பு நல்லாருக்குது" என்றார்.

பூஸ்ட்டைப் பற்றிக் கேட்க வந்தால் இவர் பிரேக்கைப் பற்றிக் கேட்கிறாரே என்று மைத்துனர் என்னைப் பார்த்தார். விஷயம் இதுதான். மைத்துனர் காரில் இருப்பது வேக்கம் இயக்கும் வி.ஜி.டி. டீசல் காரில் பிரேக் மிதிக்கு உதவும் பூஸ்டரும் அதே வேக்கம் பம்பிலிருந்துதான் உறிஞ்சலை வாங்குகிறது. ஏற்றத்தில் பம்பு படுத்திருந்தால், சில தடவை மிதித்ததும் பிரேக்கும் கனத்திருக்கும். ஒரு கேள்வியில் ஒரு பாகம் வழக்கிலிருந்து விடுதலை ஆகிவிட்டது.

அடுத்து சாவியை ஆன் செய்து ஸ்கேனரைப் பார்த்தார்: 91. சென்சாரும் விடுதலை. பிறகு, சைக்கிள் பம்பைப் போலக் கையால் அமுக்கும், மீட்டர் பொருத்திய வேக்கம் பம்பை எடுத்து, டர்போவின் டப்பாவில் நேராக மாட்டி உறிஞ்சினார். கம்பி வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. விட்டார், திரும்பியது. மறுபடி உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு மீட்டரைக் காட்டினார். முள் இறங்கவில்லை. எனக்கு இதில்தான் ஆச்சரியம். டர்போவைக் கழற்றாமல், ஒரு போல்ட்கூடத் தொடாமல், இரண்டு நிமிடத்தில் இரண்டு விஷயங்கள் தெரிந்துவிட்டன: சவ்வு கிழியவில்லை, இதழ்கள் சிக்கவில்லை. நெரிசலிலேயே ஓடும் கார்களில் இதழ்களின்மேல் கரி படிந்து அவை இறுகுவது சகஜம். அப்படி இறுகினால் கம்பி தயங்கித் தயங்கி, விட்டு விட்டு நகரும். பூஸ்ட் வரவேண்டிய நேரத்தில் வராது, நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காது. வாரம் முழுக்க ஊர்ந்துவிட்டு ஞாயிறன்று மலை ஏறும் வண்டி என்பதால் நான்கூட அதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். என் ஊகம் தவறு.

டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ்களில் அழுத்தம் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தார். குமிழி இல்லை. கசிவு இருந்தால் பெரும்பாலும் சோப்புக்கு முன்பே கண்ணில் பட்டுவிடும் என்றார். டர்போவிலிருந்து வரும் காற்றில் எப்போதும் கொஞ்சம் எண்ணெய் ஆவி இருக்கும். விரிசலில் அது கசிந்து, நம் ஊர்ப் புழுதியைப் பிடித்துக் கறுத்து நிற்கும்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இங்க நிக்கிறப்ப நல்லாருக்குது. மேலுமலையில கேக்கணும் அதை."

டப்பாவுக்குப் போகும் ஹோஸின் நடுவே டி வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, அதிலிருந்து ஒரு நீளக் குழாயை பானெட் இடுக்கு வழியாக எடுத்து, மீட்டரை டேப் போட்டு முன்கண்ணாடியில் ஒட்டினார். பம்புப் பக்கத்திலிருந்து இதே மாதிரி இன்னொரு மீட்டர். கிருஷ்ணகிரி வரை இறங்கித் திரும்பினோம். மருத்துவமனைகளில் இருபத்து நான்கு மணி நேரம் உடம்பில் மாட்டிவிடும் இதயப் பதிவுக் கருவி நினைவுக்கு வந்தது.

பம்பு மீட்டர் 630 மில்லிமீட்டரைக் காட்டிக்கொண்டிருந்தது. சென்னையில் இதே பம்பு 700-ஐத் தொடும். பம்பு எவ்வளவு நல்லதானாலும் இருக்கும் காற்றைத்தானே உறிஞ்சமுடியும். ஓசூரின் மொத்தக் காற்றழுத்தமே 683 மில்லிமீட்டர் பாதரசம்தான். சமவெளி அளவை வைத்துப் பார்த்தால் ஓசூரில் எல்லாப் பம்பும் நோஞ்சான்தான். குருபரப்பள்ளி தாண்டியது. ஏற்றம் தொடங்கியது. மைத்துனர் மிதித்தார். டப்பாப் பக்க மீட்டரின் முள் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து, பிறகு மெல்ல மெல்ல இறங்கி 200-க்கு வந்தது. பம்புப் பக்க முள் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்ஜின் விளக்கு எரிந்தது. மெக்கானிக் பின்சீட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க. ஆனா ஆஃப் பண்ணாதீங்க."

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் அவருடைய ஐம்பது வயது இருந்தது. இத்தனை மாதமும் நாங்கள் சூளகிரியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, அதன்பிறகு பானெட்டைத் திறந்துகொண்டிருந்தோம். இப்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே திறந்தார். பம்பிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் ஹோஸில் ஒரு சாண் நீளம் மட்டும் நிறம் மாறியிருந்தது. எப்போதோ எங்கேயோ யாரோ பழைய ஹோஸ் வெடித்துப்போனதற்குப் பதிலாக மீன்தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் டியூபைச் சொருகியிருக்கிறார்கள். இன்ஜினை ஒட்டிய இடம். சூட்டில் இளகி, உள்ளே உறிஞ்சல் இழுக்க, குடித்து முடித்த இளநீரில் ஸ்ட்ராவை இழுத்தால் ஒட்டிக்கொள்ளுமே, அப்படிச் சப்பையாக ஒட்டிக் கிடந்தது. அவர் இன்ஜினை அணைக்கச் சொன்னார். உறிஞ்சல் நின்றது. எங்கள் கண்முன்னாலேயே டியூப் மெதுவாக உருண்டு பழைய வடிவத்துக்கு வந்தது. ஓட்டை இல்லை, விரிசல் இல்லை, பார்த்தால் புத்தம் புதிது.

டீ குடிக்கும் நேரத்தில் இன்ஜின் ஆறிவிடுகிறது, அதனால்தான் வண்டி சரியாகிறது என்று நாங்கள் நம்பியிருந்தோம். அது முழுத் தவறு. சூடான இன்ஜினை அணைத்த முதல் சில நிமிடங்களில் அதைச் சுற்றியுள்ள இடத்தின் சூடு ஏறத்தான் செய்யும். கூலன்ட் ஓடவில்லை, எதிர்க்காற்று இல்லை. வண்டி சரியானதற்குக் காரணங்கள் வேறு. அணைத்ததும் உறிஞ்சல் போய் டியூப் விரிந்தது. சாவியைத் திருப்பி மறுபடி ஸ்டார்ட் செய்ததும், வலுவைக் குறைத்து வைத்திருந்த தன் கட்டுப்பாட்டை ஈ.சி.யூ. தளர்த்தியது. சூளகிரிக்கு அப்பால் கடும் ஏற்றம் முடிந்துவிடுவதால் முழு பூஸ்ட்டைக் கேட்கும் தேவையே வரவில்லை. சில்க் போர்டில் தினமும் அந்த டியூப் சப்பையாகத்தான் கிடந்திருக்கும். அங்கே பூஸ்ட் யாருக்கு வேண்டும்?

ரப்பர் ஹோஸ் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. அழுத்தத்தைத் தாங்கும் குழாய் உறிஞ்சலைத் தாங்கவேண்டும் என்றில்லை. உள்ளிருந்து தள்ளினால் எந்தக் குழாயும் உருண்டையாகவே நிற்கும். உள்ளே உறிஞ்சினால் சுவரின் தடிமனும் விறைப்பும்தான் அதை நிறுத்தி வைக்கவேண்டும். அழகாக நீல நிறத்தில் கிடைக்கும் சிலிகான் ஹோஸ் சூட்டைத் தாங்கும், எண்ணெயையும் டீசலையும் தாங்காது. வேக்கம் ஹோஸுக்கு வேக்கம் ஹோஸ்தான். அந்த ஒரு சாண் ஹோஸ் ஒரு வேளை பிரியாணி விலைக்குள் முடிந்துவிட்டது. கூலியும் மேலுமலை வரை போய்வந்த டீசலும்தான் செலவு.

எல்லா பி0299-உம் ஹோஸ் என்று இதைப் படித்துவிட்டு யாரும் சொல்லக்கூடாது. புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈ.ஜி.ஆர். வால்வு திறந்தே சிக்கிக்கொண்டால் டர்போவுக்கு வரவேண்டிய புகை பாதி வழியிலேயே திரும்பிவிடும், பூஸ்ட் குறையும். சைலன்சர் பக்கத்துக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்தாலும் குறையும். காற்றளவு சென்சார் அழுக்கடைந்து குறைத்துச் சொன்னால் ஈ.சி.யூ. டீசலைக் குறைக்கும். டீசல் குறைந்தால் புகை குறையும், புகை குறைந்தால் பூஸ்ட் குறையும். இங்கே பூஸ்ட் குறைவு நோயின் காரணம் அல்ல, விளைவு. ஏர் ஃபில்டரை மாற்றாமல் கல்குவாரி ரோடுகளில் ஓட்டியவர்களுக்கு அந்தச் சந்தேகம் முதலில் வரவேண்டும். சில சமயம் டர்போவே போயிருக்கும். உள்ளிழுக்கும் ஹோஸைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். தண்டு பக்கவாட்டில் ஆடி இறக்கைகள் சுவரை உரசினால், சைரன் போலச் சத்தம் வந்தால், நீலப்புகை வந்தால், அப்போது விவாதம் தேவையில்லை.

விவாதம் தேவைப்படுவது குறுக்குவழிகளுக்கு. பிக்கப் இல்லையென்று வரும் வண்டியில் ஆக்சுவேட்டர் என்ற அந்தத் தகர டப்பாவின் கம்பி நட்டை இரண்டு சுற்று முறுக்கிவிடுவது ஒரு வழக்கம். வண்டி அன்றைக்குத் துள்ளிக்கொண்டு போகும், உண்மை. கம்பியின் நீளம் தொழிற்சாலையில் அளந்து வைத்தது. அதை முறுக்கினால் கலிங்கின் மட்டத்தை உயர்த்துகிறோம். கசியும் ஹோஸ் கசிந்துகொண்டே இருக்கும், அதை மூடிமறைக்க டர்போ எல்லைக்கு மேல் சுற்றும். ஏற்கெனவே 2.3 மடங்கு அமுக்கிக்கொண்டிருக்கும் ஓசூர் டர்போவில் இதைச் செய்வதை நான் வேலைத்திறமை என்று சொல்லமாட்டேன். வேக்கம் ஹோஸை நேரடியாக பம்புக்குக் கொடுத்து சொலினாய்டையே தாண்டிவிடுவது இன்னும் மோசம். அப்போது கட்டுப்பாடு என்பதே இல்லை.

அந்தக் கார் இப்போதும் தொழிற்சாலையில் பொருத்திய டர்போவோடுதான் ஓடுகிறது. உங்கள் வண்டிக்கு யாராவது "டர்போ போச்சு" என்று சொன்னால், கழற்றச் சொல்வதற்கு முன் கைப்பம்பை மாட்டிக் கம்பி நகர்கிறதா, முள் நிற்கிறதா என்று உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஈ.சி.யூ.வின் கட்டுப்பாட்டுக்குள் போன வண்டி மெதுவாக என்றாலும் அடுத்த பட்டறை வரை ஓடும்.